கடலைப் பார்த்துக்கொள்ள ஊரே காசு போடுவது, உங்கள் ஊரில் நடக்குமா?

வடகடல் நாட்டுப்படகு:
எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் ஒரு நாட்டுப்படகு ஊர், நண்டு வலைதான் பிழைப்பு. போன மாதம் ஊர்க்கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. விற்கிற நண்டில் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் எடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும், அதை வைத்து அடியில் அறுந்து கிடக்கிற வலைகளை எடுக்கலாம், சினை நண்டைத் திரும்பக் கடலில் விடுகிறவருக்கு ஏதாவது கொடுக்கலாம், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மடி (இழுவலை) இழுத்தால் போய்ப் பார்க்க ஒரு படகுக்கு டீசல் போடலாம். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர், விசைப்படகு அந்த எல்லைக்குள் வரக் கூடாது என்று 1983-லேயே சட்டம் இருக்கிறது, அதை அமல்படுத்த அரசாங்கம் இருக்கிறது, வலையும் அறுபட்டுக் காசும் நாமே கொடுப்பதா என்று எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான். உங்கள் ஊரில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

முட்டம் கரை:
குமரி மாவட்டத்தில் இது புதிது இல்லை தம்பி. தெறிப்பு என்று பிடிபாட்டில் ஒரு பங்கு கோயிலுக்கு, அதாவது எங்கள் தேவாலயத்துக்கு, தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறோம், இங்கே எத்தனையோ கோயில்கள் அந்தக் காசில் எழுந்தவை. மீனவர் சங்கத்தில் விற்றால் கடனுக்கும் சேமிப்புக்கும் விலையிலேயே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வீடு வீடாகப் போகாதீர்கள். மீன்பாடு இல்லாத வாரத்தில் போய் நின்றால் கதவைச் சாத்துவார்கள். விற்கிற இடத்திலேயே எடுங்கள், மீன் இல்லாத நாளில் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றால் ஏழை வீடும் ஒத்துக்கொள்ளும்.

மீன்காரி மகள்:
ஏழைகள் கொடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீனவர்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் என் அம்மா மாதாமாதம் கட்டி 1,500 சேர்ப்பார், அரசாங்கம் 3,000 போட்டு மீன் குறைந்த மாதங்களில் 4,500-ஆகத் திரும்ப வரும். வரும் என்று தெரிவதால் ஒரு மாதம்கூட விட்டதில்லை. அப்புறம், காசு மட்டும்தான் பங்கா? பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் இறங்குவோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். மற்ற நாள் கூலியை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய தொகை! அவர்களில் சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. உங்கள் கூட்டத்தில் பெண்கள் இருந்தார்களா அண்ணா? எங்களிடமும் வசூலிப்பதாக இருந்தால் கணக்குப் பார்க்கிற இடத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும்.

நாகை வல்லம்:
நாங்கள் ஒருமுறை செய்து கெட்டோம், அதனால் சொல்கிறேன். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலைக்கு எதிராக மனு, வழக்கு, சென்னை போய்வரும் செலவு என்று எங்கள் ஊரில் வசூலித்தோம். முதல் வருடம் கேட்காமலே கொடுத்தார்கள். அந்தப் பணம் திருவிழாக் கணக்கோடு கலந்தது, எதற்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அடுத்த வருடம் ஒருவரும் கொடுக்கவில்லை. யாரும் திருடியதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதுவும் திருட்டு மாதிரிதான் தெரியும். தனி நோட்டு போடுங்கள், வாராவாரம் வரவு செலவைக் கரையிலேயே பலகையில் எழுதுங்கள். அந்தக் காவல் படகு விஷயத்தில் கவனம், நீங்களே போய் விசைப்படகை மறிக்காதீர்கள். உயிர்ப்பலியில் போய் முடியும். போட்டோ, ஜிபிஎஸ் அளவு, நேரம், அதோடு திரும்பி வந்து அதிகாரிகளிடம் எழுதிக் கொடுங்கள்.

வடகடல் நாட்டுப்படகு:
எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் பெண்கள் இல்லை தங்கச்சி, அது எங்கள் தப்பு. அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முட்டம் அண்ணன் சொன்னதில் ஒரு சிக்கல், இங்கே எங்களுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே நண்டு போகிறது, ஏலம் கிடையாது. அதனால் பிடித்தம் அவர் கையில்தான் இருக்கும். நாங்கள் ஒரு ரூபாய் போட்டால் நீங்களும் ஒரு ரூபாய் போடுங்கள், நண்டு இல்லாவிட்டால் உங்கள் தொழிலும் இல்லையே என்று அவர்களிடம் பேசப் போகிறோம். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் வரும், விசைப்படகு நிற்கிற அந்த 61 நாளில் எங்களுக்குப் பாடு கூடும், அப்போது தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வியாபாரிகளிடம் இப்படிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.