நொய்யலின் தலைமடையில் ஒரு நாள்

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையை ஒட்டி இருக்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரருகே காவிரியில் கலக்கும் இந்த ஆற்றை, நான் அறிந்ததெல்லாம் அதன் கீழ்ப்பகுதியில்தான். பாசனத்துக்கென்று 1992ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணையில் சாயக்கழிவு தேங்கியதால், தண்ணீர் திறக்க வேண்டாமென்று விவசாயிகளே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. எங்கள் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. பாத்தி காய்ந்தால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். இளநீரும் உப்புக் கரித்தது. அப்பா மஞ்சள் போடுவதையே விட்டுவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், திதி கொடுப்பதற்காகப் பேரூர் படித்துறைக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து என் சித்தப்பா மகன் சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு அழைத்துச் சென்றான். தென்மேற்குப் பருவமழையில் நீர் அணைக்கட்டைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்த கூழாங்கற்கள் தெரிந்தன. மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறு என்பதால், முன்னோர் அதை வாய்க்கால்களில் திருப்பிக் குளங்களில் சேர்த்திருக்கிறார்கள். இங்கே பிரியும் வாய்க்காலால் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் முதலியவை நிரம்புகின்றன. குளம் நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் நீர் ஊறும். நொய்யலின் உண்மையான பயன் இந்தக் குளங்களில்தான் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

“ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாருங்கண்ணா” என்றான். குடித்த பிறகும் நாக்கு உப்பை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. உப்பே இல்லை. இதே ஆற்றின் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் இத்தனை ஆண்டுகளாக வருந்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

கோவை நகருக்குள் நுழைந்ததுமே சாக்கடை கலந்துவிடுகிறது. திருப்பூரைப் பொறுத்தவரை, கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதைக் கரையில் வாழ்ந்தவர்களே அறிவார்கள். ஆயினும் மண்ணில் இறங்கிய உப்பு உடனே போய்விடுவதில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அம்மா கிணற்று நீரை வாளியில் எடுத்துச் சோப்பைக் கரைத்துப் பார்ப்பார். சென்ற ஐப்பசியில் கொஞ்சம் நுரை வந்தது. மஞ்சள் போடும் துணிவு இன்னும் வரவில்லை. இப்போதைக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு விதைத்திருக்கிறோம்.