‘மறுபயன்’ போதுமா? ‘எதிரீடு’ என்றொரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வணிகச் சட்டப் பாடத்தில் வரும் ‘கன்சிடரேஷன்’ என்பதை ‘மறுபயன்’ என்று எழுதி வருகிறோம். ஒருவர் தரும் உறுதிமொழிக்காக மற்றவர் கொடுப்பது, செய்வது, அல்லது செய்யாமல் விடுவது. அது இல்லாத உடன்பாடு பொதுவாகச் சட்டத்தில் செல்லாது. புழங்கிவிட்ட சொல்லை மாற்ற எனக்கு எளிதில் மனம் வராது. ஆனாலும் அதிலுள்ள ‘பயன்’ உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சாப்பெல் எதிர் நெஸ்லே வழக்கைப் பாருங்கள். மூன்று சாக்லேட் உறைகளோடு ஒன்றரை ஷில்லிங் அனுப்பினால் இசைத்தட்டு தருவதாக நெஸ்லே விளம்பரம் செய்தது. வந்த உறைகளை நிறுவனம் தூக்கித்தான் எறிந்தது. அப்படியும் அவை கன்சிடரேஷனின் ஒரு பகுதியே என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. குப்பைக்குப் போன காகிதத்தை ‘பயன்’ என்று மாணவரிடம் எப்படிச் சொல்வது?

1891இல் நியூயார்க்கில் தீர்ப்பான ஹேமர் எதிர் சிட்வே இன்னும் தெளிவு. 21 வயது வரை குடி, புகை, கெட்ட வார்த்தை, பணம் வைத்துச் சீட்டாடுவது எல்லாவற்றையும் விட்டிருந்தால் 5,000 டாலர் தருவதாக ஒருவர் தன் சகோதரர் மகனுக்கு வாக்களித்தார். பையனும் சொன்னபடி இருந்தான். வாக்களித்தவருக்கு இதனால் பயன் உண்டா என்று பார்க்கத் தேவையில்லை, பையன் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததே போதும் என்றது நீதிமன்றம்.

சேவைச் சந்தையியலையும் சேர்த்துப் படிப்பவருக்கு இன்னொரு குழப்பம். அங்கே ‘பயன்’ என்பது வாடிக்கையாளர் சேவையிலிருந்து அடைவது. முடி திருத்திக்கொண்டவருக்குத் திருத்தமான தோற்றம் பயன். முடி திருத்துபவரின் உறுதிக்கு அவர் கொடுத்த கூலி மறுபயன். கூலி தருவதாக வாடிக்கையாளர் தரும் உறுதிக்கோ முடி திருத்தியதே மறுபயன்! ஒரே பாடநூலில் இரண்டும் வந்தால் மாணவர் திணறிப்போவார்.

‘கைம்மாறு’ என்றார் நண்பர் ஒருவர். அழகான சொல். ஆனால் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று மழையைச் சொல்லும் குறளில், அது உதவி பெற்ற பின் திருப்பிச் செய்வது. அந்தப் ‘பின்’தான் இங்கே சிக்கல். ரோஸ்கோர்லா எதிர் தாமஸ் (1842) வழக்கில், குதிரையை விற்று முடித்த பிறகு அது குறையில்லாதது என்று விற்றவர் உறுதி தந்தார். முடிந்துபோன விற்பனை இந்தப் புது உறுதிக்குக் கன்சிடரேஷன் ஆகாது என்றது இங்கிலாந்து நீதிமன்றம். இந்திய ஒப்பந்தச் சட்டமோ (1872), உறுதி தருபவர் கேட்டு முன்பே செய்த செயலையும் ஏற்கிறது. ஆகவே நம் சொல் காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

‘வாக்குவிலை’ என்றும் யோசித்தேன். தேர்தல் நினைவு வருவதால் விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு ‘எதிரீடு’. முதலீடு, காப்பீடு போல ‘இடு’ என்பதிலிருந்து வருவது. ஒரு தட்டில் உறுதிமொழி, எதிர்த்தட்டில் இடுவது எதிரீடு. தட்டுகள் சமமாக நிற்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. எதிர்த்தட்டு வெறுமையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ‘எதிர்’ பகையாக ஒலிக்குமோ என்று முதலில் தயங்கினேன். எதிரொலி, எதிர்வீடு, எதிர்காலம் எதிலும் பகை இல்லையே.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘எதிரீடு இல்லாத உடன்பாடு செல்லாது’, ‘கடந்தகால எதிரீடு’, ‘குடிக்காமல் இருந்ததே எதிரீடு’. ‘எதிரீட்டின்’, ‘எதிரீட்டுக்கு’ என்று உருபேற்கும்போதும் நாக்கு தடுக்கவில்லை. வகுப்பெடுப்பவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.