மனு யார் கையில்? பெண் எம்.எல்.ஏ.க்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரும்பங்காட்டுக்காரி எழுதியது:

புதுச்சேரியில எம்.எல்.ஏ.வைப் பார்க்கிறது பெரிய காரியம் இல்ல. முப்பது தொகுதி, ஒரு தொகுதிக்குச் சராசரியா முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. காதுகுத்துக்கும் வருவாங்க, கருமாதிக்கும் வருவாங்க. தமிழ்நாட்டுப் பக்கம் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ஓட்டுக்கு ஒருத்தர்தான். எங்க அக்காவைக் கடலூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. இருபது வருஷத்துல அவ தன் எம்.எல்.ஏ.வைப் போஸ்டர்லதான் பார்த்திருக்கா.

எங்க தொகுதியில ஒரு அம்மா ஜெயிச்சிருந்தாங்க. ஊர் பேரும் அவங்க பேரும் வேண்டாம். எங்களுக்கு வேண்டியிருந்தது சுடுகாட்டுப் பாதை. அந்த வருஷம் ஐப்பசி மழையில என் மாமியாரைத் தூக்கிட்டுப் போனப்ப முழங்கால் அளவு சேறு. தூக்கினவங்க ரெண்டு பேர் வழுக்கி விழுந்துட்டாங்க. பாடை சாய்ஞ்சதை என் வீட்டுக்காரர் இன்னும் மறக்கல.

மகளிர் குழுவுல பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு மனு எழுதிக்கிட்டு ஒருநாள் காலையில அவங்க வீட்டுக்குப் போனோம். தாழ்வாரத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. நடுவுல அந்தம்மா, பக்கத்துல அவங்க உறவுக்காரர் ஒருத்தர். வந்திருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் பேசினது அந்த உறவுக்காரர்கிட்ட. வணக்கம் மட்டும் அம்மாவுக்கு. நானும் அப்படித்தான் செஞ்சேன். அதைச் சொல்லணும்னுதான் இந்த இழையையே ஆரம்பிச்சேன். என் முறை வந்ததும் என் கை தன்னால அவர் பக்கம் நீண்டுச்சு, "அண்ணே, எங்க ஊர்ச் சுடுகாட்டுப் பாதை"ன்னு.

"ஓட்டு எனக்குத்தானம்மா போட்டீங்க? மனுவும் என்கிட்ட குடுங்க"ன்னாங்க அந்தம்மா. கோபமா சொல்லல. கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க.

வாங்கி ஒரு வரி விடாம படிச்சாங்க. படிச்சுட்டு, "இது கொம்யூன் பஞ்சாயத்து (எங்க ஊர் உள்ளாட்சி) பாதையா, பொதுப்பணித்துறையோடதா, இல்ல யாரோட பட்டாவுலயாவது போகுதா?"ன்னு கேட்டாங்க. எங்களுக்குத் தெரியல. பொறந்ததுல இருந்து நடக்கிற பாதை, யாரோடதுன்னு யோசிச்சதே இல்ல. நிலத்தோட புல எண் (சர்வே நம்பர்) கேட்டு எழுதிக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. குழுவுல சிலருக்கு வருத்தம், தட்டிக் கழிக்கிறாங்கன்னு. ரெண்டாவது தடவை போனப்பதான் விளங்குச்சு. பாதையில பாதி ஒருத்தரோட பட்டா நிலம்.

கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போங்கன்னு எங்களை அனுப்பியிருக்கலாம். ஆனா அங்க யார் இருக்கா? புதுச்சேரியில உள்ளாட்சித் தேர்தல் கடைசியா நடந்தது 2006-ல. அதுக்கு முந்தினது 1968. அந்த 2006 ஆட்களோட காலம் 2011-ல முடிஞ்சதும் ஆணையர்தான் எல்லாம். வாய்க்கால் அடைச்சாலும் விளக்கு எரியலன்னாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல்தான். சட்டம் செய்யப் போனவங்க வார்டு கவுன்சிலர் வேலையும் சேர்த்துப் பார்க்கணும்.

அந்த நிலத்துக்காரர் வீட்டுக்கு எம்.எல்.ஏ. அம்மாவே மூணு தடவை போனாங்க. மூணாவது தடவை அவரைப் பார்க்காம அவரோட அம்மாகிட்ட உட்கார்ந்து பேசினாங்களாம். பாதி தூரத்துக்கு சிமெண்ட் பாதை வர பதினாலு மாசம் ஆச்சு. மீதி இன்னும் கப்பிதான். ஆனா சேறு இல்ல.

---

தோப்பு வாசி எழுதியது:

உங்க அனுபவம் நல்லது. என்னது அப்படி இல்ல, அதையும் எழுதத்தான் வேணும்.

எங்க அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பெண் எம்.எல்.ஏ. வீட்டுக்கு மூணு நாள் நடந்தேன். (எந்தத் தொகுதின்னு கேட்காதீங்க.) மூணு நாளும் பார்த்தது அவங்க கணவரை. "மேடம் வெளிய போயிருக்காங்க." "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." கடைசி நாள் சிபாரிசுக் கடிதம் கிடைச்சது, அவர் கையால. கீழ கையெழுத்து இருந்தது. அது அவங்க போட்டதுதானான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. பணம் வந்துடுச்சு, அதுல குறை இல்ல.

ஆனா ஒரு பொம்பளைக்குத்தான் எங்க அம்மா கஷ்டம் புரியும்னு வீடு வீடா ஓட்டுக் கேட்டவன் நான். அவங்க முகத்தைக்கூட காட்ட விடல. அந்த மேடத்து மேல எனக்கு வருத்தம் இருக்கு. உள்ளே இருந்தாங்களா, இருக்க வைக்கப்பட்டாங்களான்னு நினைச்சா அதைவிட அதிக வருத்தம்.

---

பாரதி பூங்கா எழுதியது:

அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டசபையில் பார்வையாளர் மாடத்தில் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சட்டசபையை வெளியூர்க்காரர்கள் ஏதோ பழைய பிரெஞ்சுக்காரர் பங்களா என்று நினைத்துப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் கேள்வி நேரம். ஒரு பெண் உறுப்பினர் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் அங்கன்வாடிகளைப் பற்றிக் கேட்க எழுந்தார். பேச ஆரம்பித்ததும் எதிர் வரிசையில் வேறு ஏதோ சலசலப்பு. நிறுத்தினார். அடங்கியதும் விட்ட இடத்தில் தொடரவில்லை, முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் சத்தம். மறுபடியும் முதல் வார்த்தை. நான்காவது முறை சபை அமைதியாகக் கேட்டது. குரல் கடைசி வரை உயரவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆபீசில் கத்திக் கத்தியே வேலை வாங்கிய எனக்கு அது பாடம்.

கணக்கு ஒன்றும் சொல்ல வேண்டும். ரேணுகா அப்பாதுரை 1980 முதல் 83 வரை இங்கே அமைச்சராக இருந்தார். அவருக்குப் பிறகு ஒரு பெண் அமைச்சரைப் பார்க்கப் புதுச்சேரி 2021 வரை காத்திருந்தது. அப்போது வந்தவர் காரைக்கால் நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. 2023 அக்டோபரில் அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். சாதியும் பாலினமும் வைத்துத் தாக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தார். ஏறக்குறைய நாற்பது வருடம் காத்திருந்து கிடைத்த ஒருவரின் கடிதத்தில் அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உறுத்தியது.

2016 தேர்தலில் முப்பதில் நான்கு பெண்கள் ஜெயித்தார்கள். 2021-ல் ஒருவர்தான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023 டிசம்பரில் புதுச்சேரி சட்டசபைக்கும் சட்டம் செய்துவிட்டார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். பத்து பெண்கள் உட்கார்ந்த அந்தச் சபையை மாடத்திலிருந்து பார்க்க எனக்கு ஆசை.

---

முதுநகர் பேத்தி எழுதியது:

நான் சந்திச்சது ஆளை இல்ல, ஒரு வாய்க்காலை. எழுதலாமான்னு தெரியல, எழுதறேன்.

நடிகர் விஜய் கட்சியோட விக்கிரவாண்டி மாநாட்டுல வைச்ச தலைவர்கள் கட்அவுட்டை டிவியில பார்த்துட்டு என் பையன், "அம்மா, அந்தக் கடைசில இருக்கிற பாட்டி யாரு?"ன்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. கடலூர் முதுநகர்ல பொறந்த நாங்க அஞ்சலையம்மாளைப் பத்தி அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல. 1927-ல சென்னையில நீல்ங்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியோட சிலையை எடுக்கணும்னு போராடி, மகளோட சேர்ந்து ஜெயிலுக்குப் போனவங்க. பிறகு கர்ப்பமா இருக்கும்போதும் வேலூர் ஜெயில்ல இருந்து, பிரசவத்துக்குன்னு வெளிய வந்து பெத்துட்டு, மறுபடி உள்ள போனவங்க. 1937-லயும் 1946-லயும் சென்னை மாகாண சட்டசபைக்கு ஜெயிச்சவங்க. ஜெயில் கதையைத்தான் எல்லாரும் சொல்றாங்க, எம்.எல்.ஏ.வா என்ன செஞ்சாங்கன்னு யாரும் சொல்றதில்ல.

அதான் ஒரு ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டுப் புவனகிரி தாண்டி தீர்த்தாம்பாளையம் போனேன். தண்ணிக்குத் தவிச்ச ஊர் அது. வீராணம் வாய்க்கால்ல இருந்து ஒரு கிளை பிரிச்சுக் கொண்டுவர அந்தம்மாதான் ஏற்பாடு செஞ்சாங்க. வழியில ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "அஞ்சலை வாய்க்காலா? அதோ"ன்னு கோலால காட்டினார். அஞ்சலை யாருன்னு கேட்டா, "எங்க ஊருக்குத் தண்ணி கொண்டாந்த அம்மா"ன்னார். நீல் சிலை அவருக்குத் தெரியல, ஜெயிலும் தெரியல. தண்ணி தெரிஞ்சிருந்தது.

பையன் செருப்பைக் கழட்டிட்டுக் காலை நனைச்சான்.

---

கரும்பங்காட்டுக்காரி எழுதியது:

தோப்பு வாசி அண்ணா, உங்க பதிவைப் படிச்சுட்டு ரெண்டு நாள் ஒண்ணும் எழுத முடியல. நாங்க பார்த்த அம்மா கையை நீட்டினாங்க, அதனால எனக்குப் புத்தி வந்தது. நீட்ட முடியாத இடத்துல இருக்கிறவங்களை நான் நினைச்சுப் பார்த்ததில்ல.

இன்னொண்ணு சொல்லிடறேன். அந்தம்மா அடுத்த தேர்தல்ல தோத்துட்டாங்க. தாழ்வாரத்து நாற்காலியை எல்லாம் அடுக்கி வச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். போன தை மாசம் எங்க குழுத் தலைவி வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு வந்திருந்தாங்க. கூட யாரும் இல்ல, பஸ்ல வந்து இறங்கினாங்க. பந்தியில எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க.

கை கழுவிட்டு வரும்போது மேலத்தெருக் கிழவி ஒருத்தி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த காகிதத்தை அவிழ்த்து நீட்டினா. சிவப்பு ரேஷன் கார்டுல (இங்க ஏழைக் குடும்பங்களுக்குக் குடுக்கிறது) பேர் விட்டுப்போச்சுன்னு மனு. "பெரியம்மா, இப்ப நான் எம்.எல்.ஏ. இல்லையே"ன்னாங்க. "அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீதான் படிப்ப"ன்னா கிழவி.

ஈரக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு வாங்கினாங்க. பந்தல் விளக்குக்குக் கீழ போய் நின்னு, முதல் வரியில இருந்து படிக்க ஆரம்பிச்சாங்க.