போர்வையை விலக்கிய காலை: பாசியோடு பட்ட அனுபவங்கள்

கூழாங்கல்:
மீன்தொட்டிப் பாசியை ஒளி மறைத்து ஒழிக்கும் இருட்டடிப்பு வைத்தியம் இங்குள்ள அனைவரும் அறிந்ததே என்பதால் முன்கதையைச் சுருக்குகிறேன். என் 30 லிட்டர் தொட்டியில் மணலையும் ஜாவா மாஸ் என்னும் நீர்ச்செடியையும் நீலப்பச்சைப் பாசி பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது. விளக்கை அணைத்து, தீனியை நிறுத்தி, கறுப்புப் போர்வையால் தொட்டியை மூடி, எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் காலை போர்வையை விலக்கியதும் முகத்தில் அடித்தது அழுகல் வாடை. அதன் பிறகே மீன்கள் கண்ணில் பட்டன. ஒன்பது ராஸ்போராக்களும் நீர்ப்பரப்பை ஒட்டி, ஒரே திசை நோக்கி வரிசையாக நின்று, வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடியைத் தட்டினேன், ஒன்றும் விலகவில்லை. பாதி நீரை மாற்றி, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லைப் போட்டதில் ஏழு பிழைத்தன. பாசி ஒழிந்ததா என்றால், ஒழிந்தது.

நத்தை ஓடு:
கூழாங்கல் அவர்கள் எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு: அது பாசியே அன்று, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். மீன்களைத் திணறடித்ததும் இருட்டு மட்டுமன்று. மடிந்த படலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். வெளிச்சமில்லாத செடிகளும் தம் பங்குக்கு அதையே உட்கொண்டிருக்கும். மூடுவதற்கு முன் குழாய் வைத்துப் படலத்தை உறிஞ்சி எடுத்தீர்களா? வடிகட்டியின் நீர் மேற்பரப்பில் அலை எழுப்பியதா?

என் வழக்கு வேறு. அனுபியாஸ் செடியின் இலையோரங்களில் கருந்தாடிப் பாசி பிடித்திருந்தது. வடிகட்டியை நிறுத்திவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொரு குஞ்சத்தின் மீதும் சொட்டுச் சொட்டாக விட்டேன். குமிழிகள் நுரைத்தெழுந்தன. இரண்டு நாளில் கறுப்பு மாறி மருதாணிச் சிவப்பாயிற்று (இனத்தால் அது செம்பாசி வகைதானே). அதுவரை அதை ஏறெடுத்தும் பாராத அமானோ இறால் ஒன்று, சிவந்த குஞ்சத்தின் மேல் ஏறி நின்று, நூல் பிரிப்பதுபோல் இழை இழையாக உருவித் தின்றது. அந்த மகிழ்ச்சியில் அடுத்த வாரம் அதே மருந்தை மாஸின் மேலும் விட்டேன். மாஸ் வெளுத்துப் போயிற்று, இன்றுவரை தழைக்கவில்லை.

மெல்லிய வெளிச்சம்:
நான் புதுத் தொட்டியில் படிந்த பழுப்புப் படலத்தை நாள்தோறும் தேய்த்துக் கை ஓய்ந்தேன். தேய்ப்பதை விட்ட சில வாரங்களில் அது தானாகவே மறைந்தது. என் கதை அவ்வளவே.

ஆயினும் நத்தை ஓடு அவர்களின் சிரிஞ்சு வழியை என்னால் ஏற்க இயலவில்லை, ஏனெனில் பாசி வந்த காரணம் தொட்டியிலேயே இருக்கும்போது குஞ்சத்தை மட்டும் கொல்வது கூரை ஒழுக்கைச் சரிசெய்யாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்குமேல் எரிய விடாதீர்கள். டைமர் பொருத்துங்கள், ஏனெனில் மறதிதான் பாசிக்கு முதல் உரம். கரியமில வாயு செலுத்துவோர் அதன் அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாக வளரும் தண்டுச் செடிகளை நெருக்கமாக நட்டால், பாசிக்குப் போக வேண்டிய சத்தை அவை முந்திக்கொள்ளும். பாசி ஏறிய கிழட்டு இலையைக் காப்பாற்ற முயலாமல் வெட்டி எறியுங்கள். செம்பு கலந்த பாசிக்கொல்லியை இறால் உள்ள தொட்டியில் மறந்தும் ஊற்றாதீர்கள். நீர் மாற்றும்போது...

கூழாங்கல்:
டைமர் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ஆறு மணி நேரம்தான். நத்தை ஓடு கேட்டதற்கு விடை: படலத்தை உறிஞ்சவில்லை, வடிகட்டியின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்ததால் அலையும் எழவில்லை. மிஞ்சிய ஏழும் தீனிக்காக மேலே வந்து வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், நீர்ப்பரப்பு அசைகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே தீனியைத் தூவுகிறேன்.