இருபது பேசோவுக்கு எத்தனை கிராம்?

மெக்சிகோவின் யுகாத்தான் மாநிலத் தலைநகரான மெரிடாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே கணக்குகளை எடுக்க வேண்டும் என்று முதல் மாதமே முடிவு செய்து, பாடநூலில் ஆப்பிள் இருந்த இடங்களில் எல்லாம் தோர்த்தியா என்னும் மக்காச்சோள ரொட்டியை வைத்தேன். "ஒரு கிலோ தோர்த்தியா 25 பேசோ என்றால் மூன்று கிலோ என்ன விலை?" என்று கேட்டேன். எல்லோரும் சரியாகவே விடை எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "மாஎஸ்த்ரா (டீச்சர்), எங்கள் வீட்டில் யாரும் அப்படி வாங்குவதில்லை. 20 பேசோவுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்போம்" என்றான்.

அன்று மாலை நானே தோர்த்தியா கடை வாசலில் நின்று பார்த்தேன். கையில் துணியுடன் வந்த சிறுவர்கள் காசை நீட்டித் தொகையைச் சொன்னார்கள். கடைக்காரப் பெண்மணி இயந்திரத்திலிருந்து சுடச்சுட விழும் ரொட்டிகளை அடுக்கித் தராசில் வைத்து, இரண்டைக் கூட்டியோ ஒன்றை எடுத்தோ எடையைச் சரிசெய்தார். நான் பெருக்கல் கணக்குக் கொடுத்திருந்தேன். அங்கே நடந்துகொண்டிருந்ததோ வகுத்தல்.

மறுநாள் அதையே பாடமாக்கினோம். கிலோ 25 பேசோ என்றால் 20 பேசோவுக்கு 800 கிராம். அதுவே 28 பேசோ ஆனால் ஏறத்தாழ 714 கிராம். விலை ஏறும்போது அம்மா கொடுத்தனுப்பும் காசு ஏறுவதில்லை, துணியில் சுற்றிய அடுக்குதான் மெலிகிறது என்பதைப் பிள்ளைகள் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வரைபடத்தில் குறித்தபோது நேர்கோடு வராமல் வளைகோடு வந்ததைக் கண்டு, காரணத்தைத் தங்களுக்குள்ளேயே வாதாடிக் கண்டுபிடித்தார்கள். எதிர்விகிதம் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அதன்பின் அந்தப் பகுதியின் தொன்மையான மக்களான மாயர்களின், இருபதை அடிப்படையாகக் கொண்ட எண்முறைக்குப் போனோம். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி சுழியம். புள்ளிக்குக் கறுப்பு அவரை விதையும், கோட்டுக்குக் குச்சியும், சுழியத்துக்கு அங்கே சூப்பில் போடும் சிப்பி வடிவப் பாஸ்தாவும் எடுத்துக்கொண்டோம். 37 என்றால் மேல் அடுக்கில் ஒரு புள்ளி, அதாவது ஓர் இருபது. கீழ் அடுக்கில் மூன்று கோடுகளும் இரண்டு புள்ளிகளும். அதனுடன் 48ஐக் கூட்டுவதற்கு இரண்டு எண்களின் விதைகளையும் குச்சிகளையும் அடுக்கு மாறாமல் ஒன்றாகத் தள்ளினால் போதும்: ஐந்து விதைகள் ஒரு குச்சியாகும், நான்கு குச்சிகள் மேல் அடுக்கில் ஒரு விதையாகும், முடிவில் மேலே நான்கு விதைகளும் கீழே ஒரு குச்சியும் நிற்கும், 85. கூட்டலில் 'மிச்சம்' எடுத்துப் போவதை வெறும் விதியாக மனப்பாடம் செய்திருந்த ஒரு சிறுமி, குச்சிகளை மேலே விதையாக மாற்றிய அந்த நொடியில் "அப்படியானால் பத்திலும் இதுதான் நடக்கிறதா?" என்று கேட்டாள்.

மாயர்களின் பழைய நகரான சிச்சேன் இட்சாவில் உள்ள பிரமிடின் நான்கு பக்கங்களிலும் தலா 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365 என்பதை அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதில் கணக்கிட அதிகம் இல்லை. மாயர்களின் 260 நாள் சடங்கு நாட்காட்டியும் 365 நாள் ஆண்டும் ஒரே இணையில் மீண்டும் சந்திக்க எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விதான் வகுப்பை ஒரு மணி நேரம் கட்டிப்போட்டது. இரண்டுக்கும் பொதுவாக 5 இருப்பதால் 18,980 நாட்கள், அதாவது 52 ஆண்டுகள். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று அதன்பின் எவரும் கேட்கவில்லை.

இதைப் படித்த இன்னொரு ஆசிரியரின் மறுமொழி:

உங்கள் தோர்த்தியா கணக்கைப் படித்ததும், பியூப்லா நகரில் நிகழ்தகவு கற்பித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. லோத்தேரியா என்னும் விளையாட்டு அங்கே வீட்டுக்கு வீடு உண்டு: சேவல், கடற்கன்னி, நிலா என்று 54 படச் சீட்டுகள், ஒவ்வொருவர் கையிலும் 16 படங்கள் கொண்ட பலகை. ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி அழைக்கும் சீட்டுகளில் முதலாவது நம் பலகையில் இருப்பதற்கான வாய்ப்பு 54இல் 16. இரண்டு பலகைகளை வைத்துக்கொண்டால் அது 32 ஆகிவிடும் என்று வகுப்பே உறுதியாகச் சொன்னது. பாட்டி வீட்டிலிருந்து இரண்டு பலகைகளைக் கொண்டுவந்திருந்த ஒரு மாணவி அவற்றை அருகருகே வைத்து விரலால் எண்ணிப் பார்த்தாள். ஏழு படங்கள் இரண்டிலும் இருந்தன. ஆகவே 25 மட்டுமே. ஆண்டுக்கணக்கில் அந்த இரண்டு பலகைகளைத்தான் சேர்த்து ஆடியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளைகளின் பலகைகளை ஒவ்வொன்றாக வாங்கி, தன்னுடையதோடு மிகக் குறைவாக ஒத்துப்போகும் ஒன்றைத் தேடத் தொடங்கினாள்.