புதுப்பிப்பு: திருகோணமலையில் ஒரு ஞாயிறு

கப்பல் ஞாயிறு பகல் மட்டும் திருகோணமலையில் நிற்கும், அம்மாவோடு எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன். நேற்று நாகர்கோவில் வந்து சேர்ந்தோம்.

நீங்கள் சொன்னபடி முதலில் கோணேசர் கோவில். கோட்டைக்குள் நுழைந்துதான் போக வேண்டும், வழியில் புள்ளிமான்கள். ஒன்று அம்மாவின் கைப்பையை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. சம்பந்தர் பாடிய தலம். பழைய கோவிலை 1622-இல் போர்ச்சுகீசியர் இடித்துவிட்டார்கள். பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்த அம்மா, "நம்ம குமரி முனையில கடல் காலடியில கிடக்கும், இது பாதாளத்துல கிடக்கே மக்களே" என்றாள்.

அப்புறம் கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஏழிலும் வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். கடைத்தெருவுக்கு நேரமில்லை, வருத்தமுமில்லை. மாற்றுடை எடுத்துப்போகச் சொன்னவருக்கு அம்மாவின் தனி நன்றி.