கரிசல் மண் மனை: அஸ்திவாரக் குழி தோண்டும் முன் எதையெல்லாம் உறுதி செய்ய வேண்டும்?

புதுமனை

மனை 30க்கு 50 அடி. மேலே நாலடி வரை கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அதற்குக் கீழே மஞ்சள் சரளை தெரிகிறது. இப்போது தரைத்தளம், பின்னால் முதல் தளம். "அஞ்சடி தோண்டி நாலுக்கு நாலு பூட்டிங் போதும், அக்கம்பக்கத்தில் எல்லாம் அப்படித்தான்" என்கிறார் மேஸ்திரி (பூட்டிங் என்றால் தூணுக்கு அடியில் போடும் அகன்ற கான்கிரீட் அடித்தளம்). ஆனால் பக்கத்து வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. மண் பரிசோதனை கட்டாயமா? பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும், கம்பி போட்ட கான்கிரீட் விட்டம்) வேண்டுமா, 3 அங்குல பெல்ட் (சுவருக்கு அடியில் போடும் மெல்லிய கான்கிரீட் பட்டை) போதுமா? கான்கிரீட் போடும் நாளில் எதைப் பார்க்க வேண்டும்?

தூக்குக்குண்டு

கட்டாயம் செய்யுங்கள். கரிசல் மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும். வீட்டின் வெளி ஓரத்தில் ஈரம் ஏறி இறங்கும், நடுவில் அவ்வளவாக மாறாது. ஓரம் தூக்க, நடு நிற்க, சுவர் சாய்வாக வெடிக்கிறது. பக்கத்து வீட்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். எடை குறைந்த ஒரு மாடி வீடுகளுக்கே இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் மண் மேலே தள்ளும் விசையை அடக்க மேலே போதிய பாரம் இருக்காது.

குறைந்தது இரண்டு இடத்தில் துளையிடச் சொல்லுங்கள். பூட்டிங் அடிமட்டத்திலிருந்து அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை பார்க்க வேண்டும். அறிக்கையில் தாங்குதிறன், மண் வீங்கும் சதவீதம், நிலத்தடி நீர்மட்டம், சல்ஃபேட், குளோரைடு எல்லாம் இருக்க வேண்டும். வீக்கம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அது மிக மோசமான மண்.

"நாலுக்கு நாலு" என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரு காலத்தின் (கான்கிரீட் தூணின்) பாரம் 35 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிங்கின் சொந்த எடைக்கு 10 சதவீதம் சேர்த்தால் 38.5 டன். மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்றால் 3.85 சதுர மீட்டர் வேண்டும். அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 6.5 அடி. 20 டன் தாங்கினாலும் 4.5 அடி வேண்டும். நாலுக்கு நாலு தருவது 1.5 சதுர மீட்டர்தான். உங்கள் காலங்களின் உண்மையான பாரத்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கிட வேண்டும். முதல் தளத்தைப் பின்னால் கட்டினாலும் அதன் பாரம் இப்போதே கணக்கில் வர வேண்டும்.

எல்லா பூட்டிங்கும் ஒரே வகை மண்ணில் உட்கார வேண்டும். சரளைக்குள் ஒரு அடியாவது இறங்குங்கள். ஏதாவது ஒரு குழியில் மட்டும் கரிசல் இன்னும் ஆழமாகப் போனால், அதையும் முழுக்க எடுத்துவிட்டு 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு இடிப்பது வேண்டவே வேண்டாம். கடைசி அரை அடியை பிசிசி (பூட்டிங்குக்கு அடியில் வரும் கம்பியில்லாத கான்கிரீட்) போடும் அன்று தோண்டுவது நல்லது. இடையில் மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றால், இறைத்த பிறகு சேறாகிப்போன மேல் மண்ணையும் வழித்தெடுக்க வேண்டும்.

பிளிந்த் பீம் வேண்டும். பெல்ட் அதற்கு மாற்று இல்லை. 3 அங்குல பெல்ட் ஈரம் ஏறுவதை ஓரளவு தடுக்கும், சுவர் பாரத்தைக் கொஞ்சம் பரப்பும். இரண்டு காலத்துக்கு நடுவே சுவரைத் தூக்கி நிற்கும் ஆழம் அதற்குக் கிடையாது. கரிசலில் இன்னொன்று முக்கியம்: பீமின் அடிக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும். மண்ணோடு ஒட்டிப் போட்டால் வீங்கும் மண் பீமையே மேலே தள்ளும்.

ரசமட்டம்

மேலே சொன்ன இடைவெளியை எப்படி விடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 80 மி.மீ. மணல் பரப்பி, மேலே பாலித்தீன் விரித்து பீம் போடுங்கள். 14 நாள் கழித்து மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருபுறமும் கல்பலகை சாய்த்து மூடிய பிறகே மண் நிரப்புங்கள். மணலை அப்படியே விட்டுவிட்டால் இடைவெளி இல்லாததற்குச் சமம்.

இனி கான்கிரீட். எம்20 (கான்கிரீட்டின் வலுத் தரம்) என்றால் 1:1.5:3. ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர். 35 லிட்டர் பெட்டி செய்து மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. தண்ணீர் மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி.

ஈர மணல் உப்பும் என்பதை மறந்துவிடாதீர்கள். வாளியில் 20 செ.மீ. உயரத்துக்கு மணலைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டுக் கலக்கி அடங்க விடுங்கள். 16 செ.மீ. ஆகிவிட்டால் உப்பல் 25 சதவீதம். அப்போது 52 லிட்டருக்குப் பதில் 65 லிட்டர் அளந்து போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கலவையில் மணல் குறைந்து சொரசொரப்பாகும், தள்ள வரவில்லையென்று ஆட்கள் தண்ணீரை ஊற்றுவார்கள், வலு போய்விடும். "இளக்கமா இருந்தாத்தான் இறங்கும்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். இறங்க வைப்பது வைப்ரேட்டரின் வேலை. அதன் ஊசியை நேராக இறக்கி, குமிழி நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கான்கிரீட்டை ஊசியால் இழுத்துப் பரப்பினால் ஜல்லியும் சாந்தும் பிரியும்.

கம்பியில் பார்க்க வேண்டியவை: கவர் பிளாக் (கம்பி கான்கிரீட்டின் வெளிப்பரப்பைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் கட்டை) பூட்டிங்குக்கு 50 மி.மீ., காலத்துக்கு 40. ஜல்லித் துண்டை முட்டுக்கொடுக்க விடாதீர்கள். ரிங்கின் (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின்) கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்கியிருக்க வேண்டும். 90 டிகிரியில் விட்டால் நிலநடுக்கத்தில் திறந்துகொள்ளும். காலம் கம்பியை பூட்டிங்குக்கு மேலேயே வெட்டி ஒட்டுப் போடாமல், தரைத்தளக் காலத்தின் நடு உயரத்தில் லேப் (இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டி இணைப்பது) கொடுங்கள். நீளம் கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு, 16 மி.மீ. கம்பிக்கு 80 செ.மீ. ஒரே மட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட கம்பிகளில் லேப் வரக் கூடாது.

ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் 150 மி.மீ. கனசதுர அச்சில் ஆறு மாதிரி எடுங்கள். மூன்றை 7ஆம் நாள், மூன்றை 28ஆம் நாள் உடைத்துப் பாருங்கள்.

செங்கல்மாடம்

ஒன்று விட்டுப்போச்சு. பிளிந்த் (வீட்டுத் தரை) உயரத்தை முடிவு செய்யும் முன் கழிவுநீர்க் குழாய் எந்த மட்டத்தில் வெளியேறுகிறது என்று பாருங்கள். 110 மி.மீ. குழாய்க்கு 60க்கு 1 சரிவு என்றால் 12 மீட்டர் ஓட்டத்துக்கு 20 செ.மீ. இறங்கும். வெளியே இணைப்பு மேலே இருந்தால் வீட்டைத்தான் உயர்த்த வேண்டும். குழாய் பீமைக் கடக்கும் இடத்தில் ஒரு அளவு பெரிய குழாய்த் துண்டை முன்கூட்டியே வையுங்கள்; எங்கே, எவ்வளவு பெரிது என்பதை இன்ஜினியரிடம் கேட்டு வையுங்கள். பிறகு பீமைக் கொத்தினால் கம்பி அறுபடும். கரிசலில் இந்தக் குழாய் கசிந்தால் அந்த மூலை மட்டும் வீங்கும், அதனால் மூடும் முன் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதைத் தவறவிடாதீர்கள்.

புதுமனை

மிக்க நன்றி. பரிசோதனையில் கரிசல் 9, 10 அடி வரை போகிறது என்று வந்தால் என்ன செய்வது? பேஸ்மெண்டுக்குள் (வீட்டுத் தரைக்குக் கீழே உள்ள பகுதிக்குள்) தோண்டிய மண்ணையே நிரப்பலாமா?

தூக்குக்குண்டு

அவ்வளவு ஆழம் என்றால் தனித்தனி பூட்டிங்கை விட அடி அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) நல்லது. 30 செ.மீ. தண்டு, அடியில் அதைப் போல 2.5 மடங்கு குமிழ், சுமார் 3.5 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் ஈரம் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறாது. குமிழ் அங்கே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பைல், என்ன கம்பி என்பதை வடிவமைப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

கரிசலை உள்ளே நிரப்பவே கூடாது, தரை டைல்ஸ் மேலெழும். கிராவல் போட்டு, 15 செ.மீ. அடுக்கடுக்காக, நனைத்து இடித்து ஏற்றுங்கள். வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த கான்கிரீட் தளம் போட்டு, சுவரோடு சேரும் இடத்தைத் தாரால் அடையுங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்களை அந்தத் தளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடுங்கள்.